ஆறு வயதில் ஓசையின்றி முளைக்கும் பல்

கேள்வி: நான் முக்கூடலில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறேன். மகனுக்கு ஆறரை வயது, மகளுக்கு இரண்டே முக்கால் வயது. மகன் காலையில் தானே பல் விளக்கிக்கொள்வான். சில நாட்களாகத் துப்பும்போது இரத்தம் வருவதால் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, விரலால் பல்பொடி தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். அவனுடைய கீழ்க் கடைவாயில் ஒரு பல்லில் கறுப்புப் புள்ளி தெரிகிறது. மகள் பால்புட்டி இல்லாமல் தூங்கமாட்டாள். அவளுடைய மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. "பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறது, அதற்கு எதற்கு வைத்தியம்" என்கிறார் என் அத்தை. சீனி கெடுதல் என்பதால் கருப்பட்டிதான் கொடுக்கிறோம். பல்லையும் ஈறையும் பேணப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

– ஒரு தாய், முக்கூடல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது, மகனின் கீழ்க் கடைவாயில் கறுப்புப் புள்ளி தெரிகிறது என்ற வரியில் நின்றுவிட்டேன். ஆறரை வயதுப் பிள்ளையின் கடைவாயில் இருப்பவை எல்லாம் பால் பற்கள் என்றே பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மையில், ஏறத்தாழ ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு புதிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. முன்பல் ஆடத் தொடங்கினால் வீடே அறியும். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிய ஆச்சி காத்திருப்பார். இந்தக் கடைவாய்ப்பற்களுக்கு இடம்விட்டு எந்தப் பல்லும் விழுவதில்லை என்பதால், இவை வந்ததை யாரும் அறிவதில்லை. ஆனால் இவை நிலைப்பற்கள். அறுபது எழுபது வயது வரைக்கும் உங்கள் மகன் சோற்றை மென்று தின்னப் போவது இந்தப் பற்களைக் கொண்டுதான்.

ஆகவே இன்றைக்கே ஒரு சிறு வேலை செய்யுங்கள். பிள்ளையைப் பகல் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் உட்காரவைத்து, கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். பால் பற்கள் மொத்தம் இருபது. மேலே கீழே, வலம் இடம் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்துதான். முன்பல் விழுந்து காலியாக இருந்தாலும் அந்த இடத்தையும் ஒன்றாக எண்ணுங்கள். ஆறாவதாக ஒரு பல் இருந்தால் அது நிலைப்பல். கறுப்புப் புள்ளி அந்த ஆறாவது பல்லில் இருக்குமானால் இந்த வாரத்துக்குள் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஐந்தாவதிலோ நான்காவதிலோ இருந்தாலும் காட்டத்தான் வேண்டும். புதிதாக முளைத்த பல்லின் எனாமல் என்னும் மேலுறை முழுமையாக இறுகியிருக்காது. மேற்பரப்பிலும் ஆழமான பள்ளங்கள் இருக்கும். சொத்தை அதில் விரைந்து இறங்கும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவன் தந்தை, பல் மருத்துவனான என்னிடம் அழைத்து வந்தார். துண்டால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். கீழ் இடப்பக்கத்து ஆறாவது பல்லின் மேற்பகுதி முழுவதும் இடிந்து, வேர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. பால் பல்தான், தானாக விழுந்துவிடும் என்று இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்ததாக அவர் சொன்னார். அது விழுந்தால் இன்னொன்று முளைக்காது என்று நான் சொன்னபோது அவர் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். இந்த ஒரு செய்தியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பல்லை எடுத்துத்தான் விட வேண்டியிருந்தது.

இனி உங்கள் அத்தை சொன்னதற்கு வருகிறேன். பால் பல் விழத்தான் போகிறது என்பது சரியே. ஆனால் எப்போது விழும் என்பதைப் பார்க்க வேண்டும். முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழத் தொடங்குகின்றன. கடைவாயில் உள்ள பால் பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டியவை. அதுவரை அவை மெல்லுவதற்கு உதவுவதோடு, அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்தும் வைக்கின்றன. ஒரு பால் கடைவாய்ப்பல்லை ஏழு வயதிலேயே இழந்தால், பின்னால் இருக்கும் பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு முளைக்கும் பல் வழியின்றிக் கோணலாக வெளிவரும். சொத்தை வேர்வரை இறங்கிச் சீழ் பிடித்தால், அடியிலுள்ள நிலைப்பல்லும் பழுதுபட நேரலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, பல்வலியோடு இருக்கும் பிள்ளை சரியாகச் சாப்பிடாது, தூங்காது. பள்ளிக்கூடத்திலும் அதன் மனம் பாடத்தில் நிற்காது. அத்தையிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் எதிரில் நிற்பதைவிடப் பக்கத்தில் இருப்பதே உங்களுக்குப் பெரிய உதவி. அதற்கான வழியையும் கீழே சொல்கிறேன்.

"எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் பிள்ளையின்மேல் குறை இல்லை. நாலு கோடு நோட்டில் எழுத்து கோட்டைவிட்டு வெளியே போகாமல் எழுத ஆறரை வயதுக் கை எவ்வளவு பாடுபடுகிறது என்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையால், கண்ணுக்குத் தெரியாத கடைவாயின் உட்புறத்தில், ஈறும் பல்லும் சேரும் இடத்தைப் பார்த்து பிரஷ்ஷை நகர்த்த முடியாது. ஏழு எட்டு வயதுவரை பெரியவர் ஒருவர்தான் தேய்த்துவிட வேண்டும். தலை பின்னிவிடுவது எப்படியோ, நகம் வெட்டிவிடுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும். முதலில் அவன் விருப்பப்படி தேய்க்கட்டும்; பிறகு நீங்கள் வாங்கித் தேய்த்துவிடுங்கள். தினமும் ஒரே வரிசையில் நீங்கள் தேய்க்கும்போது, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு பிரஷ் போகிறது, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவன் வாயிலேயே பதிந்துவிடும். பல் பேணச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். வாயால் சொல்லி இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். பல் விளக்காமல் காப்பித் தண்ணீர் கிடையாது என்பது நம் பக்கத்து வீடுகளில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைப் பிள்ளைகள் மீறுவதில்லை. இரவுக்குத்தான் அப்படியொரு சட்டம் நம்மிடம் இல்லை. தூங்கும்போது வாயில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும்; பகலெல்லாம் பல்லைக் கழுவிக் காக்கும் உமிழ்நீர் இல்லாத அந்த எட்டு ஒன்பது மணி நேரத்தில், பல்லில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கிருமிகள் நிதானமாகத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. காலையில் தேய்ப்பதைத் தொடருங்கள். ஆனால் இரண்டில் எதற்கு உங்கள் உழைப்பை அதிகம் கொடுக்க முடியும் என்று கேட்டால், இரவுக்கு என்றே சொல்வேன். இரவு தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தேய்த்துவிடுங்கள். தூக்கம் கண்ணைச் சொக்கும் வரை காத்திருந்தால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும்.

தேய்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாள் முழுவதும் உங்கள் கை புகையிலைத் தூளில் புழங்குகிறது என்பதால், முதலில் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு எதிரே மகனை நிறுத்தி, அவன் பின்னால் நின்று, அவன் தலை உங்கள் மார்பில் சாய்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாயை அகலத் திறக்கச் சொல்லாதீர்கள். அகலத் திறந்தால் கன்னம் இறுகி, கடைவாய்க்கு பிரஷ் போக இடம் இருக்காது. பாதி திறந்தால் போதும். இடக்கை விரலால் கன்னத்தை மெதுவாக விலக்கி, பிரஷ்ஷின் நார்கள் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி சற்றே சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். வெளிப்புறம் முடிந்ததும் உட்புறம், பிறகு மெல்லும் பரப்பு. நாம் முதலில் பார்த்த ஆறாவது பல், புதிதாக முளைக்கும்போது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருக்கும். வழக்கம்போல் முன்னும் பின்னுமாக பிரஷ்ஷை ஓட்டினால், அது உயரமான பல்மேல் ஏறிக்கொண்டு, இந்தக் குள்ளப் பல்லைத் தொடாமலே போய்விடும். அந்த ஒரு பல்லுக்கு மட்டும் கன்னப் பக்கமிருந்து பிரஷ்ஷைக் குறுக்காக நுழைத்துத் தேய்க்க வேண்டும். ஆறாவது பற்கள் சொத்தையாவதற்கு இந்த இடத்தைத் தவறவிடுவதும் ஒரு காரணம்.

மொத்தம் இரண்டு நிமிடமாவது ஆக வேண்டும். பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்பது பெரிய காலம். உங்கள் அத்தையை, அதாவது பிள்ளைகளின் ஆச்சியை, கூப்பிட வேண்டிய இடம் இதுதான். தேய்க்கும் நேரத்தில் மட்டுமே அவர் சொல்லும் ஒரு தொடர்கதை இருக்கட்டும். கதையின் அன்றைய பகுதி முடியும்வரை வாய் திறந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்ன பாட்டிமாரே சில வாரங்களில் "இன்னைக்குப் பல்லு வெளக்கியாச்சா?" என்று கேட்கத் தொடங்கியதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். எல்லாம் முடிந்ததும், "நாக்கால தடவிப் பாரு, வழுவழுன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?" என்று மகனிடம் கேளுங்கள். சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் இன்னும் அழுக்குப் படிவம் இருக்கிறது என்று பொருள். தன் வாயைத் தானே சோதிக்க அவனுக்குக் கிடைக்கும் முதல் கருவி அதுதான்.

இரத்தம் வந்ததும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டீர்கள். அஞ்சி நிறுத்துவது தாய்க்கு இயல்பு. ஆனால் இங்கே செய்ய வேண்டியது நேர்மாறானது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒரு படிவம் சேரும். நகத்தால் சுரண்டினால் மாவுபோல வரும். அதில் பெரும்பகுதி கிருமிகள். அது நீங்காமல் நாள்கணக்கில் இருந்தால் ஈறு சிவந்து, உப்பி, தொட்டாலே கசியும். தேய்ப்பதை நிறுத்தினால் படிவம் கூடும், வீக்கமும் கூடும். மேலும் விட்டுவைத்தால் அது காரையாக இறுகிவிடும். காரை பிடித்த பிறகு எந்த பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. மென்மையான நாருள்ள சிறிய தலை பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி, இரத்தம் வரும் இடத்தையே கூடுதல் கவனத்தோடு, அழுத்தாமல் தேய்த்துவிடுங்கள். முதல் சில நாட்கள் கசியும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் நின்றுவிடும். சிறுவயதில் வரும் இந்த ஈறு வீக்கம் முழுமையாகக் குணமாகக் கூடியது. புதுப்பல் முளைக்கும் இடத்தில் ஈறு கொஞ்சம் வீங்குவதும், அதன் மடிப்பில் சோறு தங்குவதும் இயல்பே. இரண்டு வாரம் சரியாகத் தேய்த்தும் நிற்காவிட்டாலோ, தேய்க்காதபோதே தானாக இரத்தம் கசிந்தாலோ, உடம்பில் அடிபடாமலே கன்றிய தடங்கள் தெரிந்தாலோ, பல் மருத்துவரோடு குழந்தை மருத்துவரிடமும் காட்டுவது கட்டாயம்.

பல்பொடியை விட்டுவிடுங்கள். விரல் ஈறின் விளிம்புக்குள்ளும் பல்லின் பள்ளத்துக்குள்ளும் போகாது. உமிக்கரியும் சொரசொரப்பான பொடிகளும் எனாமலைத் தேய்த்து எடுக்கும். "ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி" என்று சொல்லித்தானே வளர்ந்தோம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பழமொழியை நான் மதிக்கிறேன். தாமிரபரணிப் படித்துறையில் வேப்பங்குச்சியோ வேலங்குச்சியோ மென்றபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். குச்சியின் நுனி நாராகப் பிரியும்வரை மெல்லுவது, ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பது, அவ்வளவு நேரம் ஒதுக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அவர்கள் பல்லைக் காத்தன. அவர்கள் பிள்ளைப் பருவத்தில் வாய்க்கு இனிப்பு எட்டியதும் அரிது. ஆறு வயதுப் பிள்ளை குச்சியால் கடைவாயின் உட்புறத்தைத் தேய்க்க இயலாது. அது ஈறைக் குத்தவும் கூடும். பல்பொடிக்குப் பதிலாகப் புகையிலைத் தூளைப் பல்லில் வைக்கும் பழக்கம் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்யாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு.

பற்பசை ஃபுளோரைடு உள்ளதாக இருக்க வேண்டும். குழாயின்மேல் ஃபுளோரைடின் அளவு சுமார் 1000 பிபிஎம் (ppm) என்று குறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தைகளுக்கென்று பழ மணத்தோடு விற்கும் சில பசைகளில் ஃபுளோரைடு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ்ஷின் நீளத்துக்குப் பிதுக்கக் கூடாது. மகளுக்கு மூன்று வயது நிறையும்வரை ஓர் அரிசி மணி அளவு போதும். மகனுக்கு ஒரு பட்டாணி அளவு. பசையை நீங்களே வைத்துக் கொடுங்கள், குழாயைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள். செம்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். நம் வீடுகளில் இதைச் சொன்னால் யாரும் எளிதில் ஒப்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பல்லில் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃபுளோரைடை அந்தத் தண்ணீர்தான் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

ஃபுளோரைடு மிகுதியான தண்ணீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறையும் விழும்; தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இது நெடுநாளாக இருக்கும் சிக்கல். ஆற்றுத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இந்தக் கவலை பொதுவாக இல்லை. ஆழ்குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கும் சுவைக்கும் நானும் அடிமைதான். வெள்ளைச் சீனியில் இல்லாத சில சத்துகள் அதில் உண்டு. ஆனால் பல்லில் இருக்கும் கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையே. தேனும் அப்படித்தான், பனங்கற்கண்டும் அப்படித்தான். சர்க்கரை வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டியதும் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் படியவைக்கும். அதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் பிடிக்கும். அதற்குள் இன்னொரு மிட்டாய் வாய்க்குள் போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே எவ்வளவு தின்றான் என்பதைவிட, எத்தனை முறை தின்றான், எவ்வளவு நேரம் அது பல்லில் ஒட்டியிருந்தது என்பதே பெரிய கேள்வி.

இது வெறும் ஊகம் அன்று. சுவீடனில் 1945ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள், மனவளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த ஒரு மருத்துவமனையில் இதைச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்னவர்களின் பற்கள் மளமளவென்று சொத்தையாயின. தங்கள் ஒப்புதலைக் கேட்காமலே பல்லை இழக்கவைக்கப்பட்ட அந்த மனிதர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அப்படியோர் ஆய்வை இன்று யாரும் நடத்த அனுமதி கிடையாது. அவர்கள் விலை கொடுத்துத் தந்த அறிவை நம் பிள்ளைகளுக்காவது பயன்படுத்துவோம்.

அல்வாவின் ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு இனிப்பே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனித் தேரோட்டத்துக்குப் போனால் அல்வா வாங்கிக் கொடுங்கள். மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் தின்றுவிட்டு, தண்ணீர் குடித்து வாய் கொப்பளிக்கட்டும். பொட்டலத்தை அடுக்களையில் வைத்து மூன்று நாளைக்குக் கிள்ளிக் கிள்ளித் தின்பதுதான் கேடு. தேன்மிட்டாய், ஜவ்வு மிட்டாய், கடலைமிட்டாய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இனிப்பில்லை என்று நாம் நம்பிக் கொடுக்கும் பிஸ்கட்டும் சிப்ஸும் பல்லின் பள்ளத்தில் மாவாக அப்பிக்கொண்டு வெகுநேரம் நிற்கும். பள்ளிவிட்டு வந்ததும் பசிக்குச் சுண்டல், அவித்த கடலை, கொய்யா, கோடையில் நுங்கு, தைமாதத்தில் பனங்கிழங்கு என்று கொடுங்கள். பிள்ளைகளுக்குத் தரும் இருமல் மருந்துகளிலும் இனிப்பு உண்டு என்பதால், இரவில் மருந்து கொடுத்த பிறகு தண்ணீர் கொடுக்க மறக்காதீர்கள்.

அமிலம் பல்லைக் கரைக்கும் என்பதை மகனுக்குக் கண்ணால் காட்டிவிடலாம். உடைத்த முட்டையின் ஓட்டில் ஒரு துண்டை எடுத்து, ஒரு தம்ளரில் அது மூழ்கும் அளவுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றி அதில் போடுங்கள். உடனே ஓட்டைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் கிளம்பும். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டு, காலையில் அவனையே எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடகடவென்று இருந்த ஓடு மெத்தென்று மடங்கும். "மிட்டாயைத் தின்னுட்டு அப்படியே தூங்கினா உன் பல்லுல இதுதான் கொஞ்சங்கொஞ்சமா நடக்குது" என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும். முட்டை ஓடும் பல்லும் ஒன்றல்ல, பல் அதைவிடப் பன்மடங்கு உறுதியானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளையை அறிவால் தெளியவைக்க வேண்டும், பயத்தால் நடுங்கவைக்கக் கூடாது.

உங்கள் மகளைப் பற்றி எழுத வேண்டியது அவசரமானது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீட்டியதுபோல விழும் வெள்ளைக் கோடு சொத்தையின் முதல் அடையாளம். இரவில் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் பிள்ளைகளுக்கு, பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் மறைத்துக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். பாலில் கற்கண்டோ சீனியோ கலந்திருந்தால் கேடு பன்மடங்கு. இதில் ஆறுதலான செய்தியும் உண்டு: கோடு வெள்ளையாக இருக்கும்வரை, குழி விழாதவரை, அதைத் திருப்ப முடியும். புட்டியை ஒரே நாளில் பிடுங்க முடியாது என்றால், முதலில் இனிப்பை நிறுத்துங்கள். பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். பாலைச் சாப்பாட்டு நேரத்தில் தம்ளரில் கொடுங்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் தலையை மடியில் மல்லாத்தி வைத்து, மேலுதட்டை விரலால் தூக்கிக்கொண்டு தேய்த்துவிடுங்கள். முதல் சில நாட்கள் அழுவாள். அழும்போது வாய் திறந்திருக்கும், தேய்த்துவிடலாம். ஆனால் அதட்டாமல், பேசிக்கொண்டே செய்யுங்கள்.

உங்களுக்கும் ஒரு சொல். சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் பிறக்கும்போதே பிள்ளையின் வாயில் இருப்பவை அல்ல; பெரும்பாலும் தாயின் உமிழ்நீர் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. ஒரே கரண்டியால் ருசிபார்த்து ஊட்டுவதும், கடித்துக் கொடுப்பதும் அவற்றுக்கு வழி. உங்கள் வாயில் சொத்தைப்பல் இருந்து, வேலை மிகுதியால் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்றால், பிள்ளைகளுக்காகவாவது அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பல்லில் பூச்சி இருக்கிறது, கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் விழுந்துவிடும் என்று சொல்பவர்கள் ஊரில் உண்டு. சொத்தையில் கண்ணால் காணும் புழு எதுவும் கிடையாது. புகையால் வாய் வெந்து வந்த பிள்ளைகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். அதேபோல, "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்டக் கூட்டிப் போய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லிருவேன்" என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள். அந்த மிரட்டலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வலி தாங்க முடியாத நாள்வரை எங்களிடம் வாயைத் திறப்பதில்லை.

பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு வசதியான வேறு பல் மருத்துவரிடமும் போகலாம். மகனின் ஆறாவது பற்களில் சொத்தை விழாதவற்றுக்கு, பள்ளங்களை அடைத்து மூடும் சீலன்ட் பூச்சு வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஊசியோ வலியோ இல்லாத வேலை அது. மகளின் வெள்ளைக் கோட்டுக்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரையும் காட்டிவாருங்கள். இடையில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ, மறுநாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

வலி இல்லாத ஒரு நாளில், மகன் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் போங்கள். போகும்போது இருவரின் பிரஷ்ஷையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நார்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்பதைப் பார்த்தே, உங்கள் வீட்டில் எந்த இடம் அழுத்தித் தேய்க்கப்படுகிறது, எந்த இடம் விடுபடுகிறது என்பதை மருத்துவர் சொல்லிவிடுவார். அதே பிரஷ்ஷால் மகனின் வாயிலேயே செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.